நீலகிரிப் புல்வெளி பற்றிய ஆய்வுக்கு எது ஆய்விதழ், எது பத்திரிகை?

ஊட்டியில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது. சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நீலகிரியின் புல்வெளிகளை எப்படி மாற்றின என்பது அவருடைய திட்டக் கட்டுரையின் தலைப்பு. இணையத்தில் தேடிக் கட்டுரைகளைச் சேர்த்துக் கைடிடம் கொடுத்திருக்கிறார். "இதில் பாதிக்கு மேல் பத்திரிகை. ஜர்னல் கட்டுரை கொண்டு வா" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். போனில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பி.டி.எஃப். ஆகத்தான் தெரிகிறது, எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்கிறார்.

பளபளப்பான தாள், வண்ணப்படம், விளம்பரம் இருந்தால் பத்திரிகை. மங்கலான தாளும் நுணுக்கி அச்சிட்ட எழுத்தும் இருந்தால் ஆய்விதழ் (ஜர்னல்) என்று ஒரு பழைய பாடம் உண்டு. நூலக அலமாரி முன் நிற்பவருக்கு அது ஓரளவு உதவும், திரையில் படிப்பவருக்கு உதவாது. நீங்கள் ஒவ்வொரு கட்டுரையிடமும் கேட்க வேண்டியவை இரண்டு. இது அச்சேறுவதற்கு முன் இந்தத் துறையை அறிந்த வேறு யாராவது இதைச் சோதித்தார்களா? இதில் சொன்னதை நான் சரிபார்க்க விரும்பினால் அதற்கு வழி வைத்திருக்கிறார்களா? மற்ற அடையாளங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் விடை தேட உதவும் துணைக் குறிப்புகள்தான்.

ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை வந்தால் ஆசிரியர் அதை அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். பெரும்பாலும் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, எழுதியவருக்கு அவர்கள் யார் என்று தெரியாது. மாதிரி போதாது, கணக்கு தவறு, முடிவு தரவைத் தாண்டிப் போகிறது என்று குறை எழுதி அனுப்புவார்கள். எழுதியவர் திருத்தியோ பதில் சொல்லியோ மறுபடி அனுப்ப வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் ஆகும். சக அறிஞர் மதிப்பீடு, அதாவது பியர் ரிவ்யூ, என்பது இதுதான். பத்திரிகையில் அந்தப் பொறுப்பு ஆசிரியர் குழுவிடம் இருக்கிறது. அவர்கள் நேர்மையாகவும் கவனமாகவும் செய்யலாம். ஆனால் அவர்கள் பார்ப்பது பொது வாசகருக்குப் புரிகிறதா, செய்தி சரியா, இதழ் முடிக்கும் தேதிக்குள் வருமா என்பதை. நீரியல் அளவீட்டு முறை சரியா என்று பார்ப்பது அவர்களுடைய வேலை அல்ல.

உங்கள் தலைப்பிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. "கற்பூர மரம் தண்ணீரை உறிஞ்சிவிடும்" என்ற வரி பத்திரிகைகளில் பல ஆண்டுகளாக வருகிறது. எவ்வளவு, எங்கே, எதோடு ஒப்பிட்டு என்று அந்த வரி சொல்வதில்லை. ஊட்டியில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் இதை ஊட்டி அருகே உள்ள கிளென்மார்கனில் அளந்திருக்கிறார்கள். அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைச் சோலைக்காடும் புல்வெளியுமாக அப்படியே விட்டார்கள். மற்றதன் புல்வெளியில் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டிலிருந்தும் ஓடிவரும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்து ஒப்பிட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது என்ற முடிவு 1988-இல் ஜர்னல் ஆஃப் ஹைட்ராலஜியில் வந்தது. வெட்டியபின் மறுதாம்பாக வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ கால் பங்கு என்ற முடிவு 1998-இல் அதே ஆய்விதழில் வந்தது.

இந்த முடிவு எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். சீகை மரத்துக்கு இந்த எண் பொருந்தும் என்று சொல்லவில்லை. கோத்தகிரிச் சரிவுக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ பொருந்தும் என்றும் சொல்லவில்லை. ஒரு மரம் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் குடிக்கும் என்ற கணக்கு அதில் இல்லை. தன் எல்லை எது என்று ஆய்விதழ்க் கட்டுரை காட்டிவிடுகிறது. அதை எடுத்துப் பொதுவாக எழுதும்போது பத்திரிகையில் முதலில் உதிர்வது அந்த எல்லைதான். உங்கள் கைடு ஜர்னல் கேட்பதற்குக் காரணமும் இதுதான்.

பழனி மலையிலும் இதே கதை. அங்கே 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. மேல்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்த இடத்தை மரத்தோட்டங்களும் விவசாயமும் எடுத்துக்கொண்டன என்பது அதன் முடிவு. "கொடைக்கானலில் காடு அழிகிறது" என்று இதற்குத் தலைப்பிட்டால் பொருளே தலைகீழாகிவிடும். மரம் கூடியதால் போனது புல்வெளி. பசுமை என்றாலே நல்லது என்ற பழக்கத்தில் எழுதும் கட்டுரைகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும், ஆகவே உங்கள் தலைப்பில் மூலக் கட்டுரையைப் படிக்காமல் ஒரு வரியும் எடுக்காதீர்கள்.

ஒரு பி.டி.எஃப். கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். துணைநூற்பட்டியல் இருக்கிறதா? இருந்தால் அதில் உள்ளவை எவை? மற்ற ஆய்விதழ்க் கட்டுரைகளா, அல்லது இணையப் பக்கங்களும் நாளிதழ்ச் செய்திகளும்தானா? கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு மேற்கோளும் பட்டியலில் இருக்கிறதா என்று மூன்றை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். பிறகு முதல் பக்கம். எழுதியவரின் பெயருக்குக் கீழே நிறுவனமும் தொடர்பு மின்னஞ்சலும் இருக்கும். பெற்ற நாள், திருத்திய நாள், ஏற்ற நாள் என்று மூன்று தேதிகளைப் பல ஆய்விதழ்கள் அச்சிடுகின்றன. பெற்ற நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் நடுவே நான்கு நாள்தான் இருந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சுமார் 150 முதல் 250 சொற்களில் ஆய்வுச் சுருக்கமும், அதன் கீழே திறவுச்சொற்களும் இருக்கும்.

அடுத்ததாக முறையியல் பகுதி. இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். எத்தனை மாதிரிக் கட்டங்கள், ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர், எந்த உயரத்தில், எந்த மாதங்களில், எந்தக் கருவியால் என்று எழுதியிருக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் அவலாஞ்சியில் அதே வேலையைத் திரும்பச் செய்ய முடியுமானால் அது ஆய்வுக் கட்டுரை. "அண்மையில் நடந்த ஓர் ஆய்வின்படி", "வனத்துறை அதிகாரி ஒருவர் கூறும்போது" என்று நகர்ந்தால் அது செய்தி அல்லது பத்திரிகைக் கட்டுரை, எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் சரி. அச்சிதழாக இருந்தால் பக்க எண்ணும் ஒரு சிறு துப்பு. பல ஆய்விதழ்களில் ஒரு தொகுதி முழுக்கப் பக்க எண் தொடர்ந்து ஓடும்; இரண்டாம் இதழ் 113-ஆம் பக்கத்தில் தொடங்கலாம். பத்திரிகை ஒவ்வொரு இதழையும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

வெளியிடும் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வது பலருக்கும் நேரும் தவறு. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் 1886 முதல் தன் ஆய்விதழை வெளியிடுகிறது. அதே கழகம் ஹார்ன்பில் என்று பொது வாசகருக்கான இதழையும் நடத்துகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல் என்ற ஆய்விதழும் வருகிறது, விவசாயிகளுக்கான "உழவரின் வளரும் வேளாண்மை" மாத இதழும் வருகிறது. ஒரே விஞ்ஞானி இரண்டிலும் எழுதலாம். பேராசிரியர் எழுதியிருக்கிறார் என்பதால் பத்திரிகைக் கட்டுரை ஆய்வுக் கட்டுரை ஆகிவிடாது. கோவையிலிருந்தே வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா மேற்குத் தொடர்ச்சி மலை உயிரினங்களைப் பற்றி நிறைய வெளியிடுகிறது. கட்டணமின்றிப் படிக்கலாம், உங்கள் தலைப்புக்கு அதிலிருந்து தொடங்குவது நல்லது. அவுட்லுக், ஃப்ரண்ட்லைன், டவுன் டு எர்த், சாங்க்சுவரி ஏஷியா, பசுமை விகடன் ஆகியவை பத்திரிகைகள். தேயிலைத் தோட்டத்தாருக்காக, தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசி வெளியிடும் பிளான்டர்ஸ் கிரானிக்கிள் போன்றவை மூன்றாவது வகை: தொழில் இதழ்கள். தேயிலை விலை, கொப்புள நோய்க்கு மருந்து அடிப்பது போன்ற நடைமுறைத் தகவலுக்கு அவை மதிப்பானவை. ஆனால் உங்கள் கைடு கேட்பது அவற்றை அல்ல.

ஒரே அட்டைக்குள் இரண்டும் கலந்திருக்கும் இதழ்களில்தான் அதிகம் சறுக்குவார்கள். 1932 முதல் பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் சயின்ஸில் செய்தி, கருத்து, நூல் மதிப்புரை, ஆய்வுக் கட்டுரை எல்லாம் உண்டு. 1966 முதல் இப்போதைய பெயரில் வரும் எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் மதிப்பீட்டுக்குப் போவது சிறப்புக் கட்டுரைகள் பகுதி. முன்பக்கத்துத் தலையங்கம் அப்படி அல்ல. நேச்சர் இதழிலும் முன்பாதியில் செய்தியாளர்கள் எழுதும் செய்திகள் இருக்கின்றன. ஆகவே இதழின் பெயரோடு நின்றுவிடாமல் கட்டுரை எந்தப் பகுதியில் வந்தது என்று பொருளடக்கத்தில் பாருங்கள். மேற்கோள் காட்டும்போது ஆசிரியருக்குக் கடிதமும் நூல் மதிப்புரையும் ஆய்வுக் கட்டுரைக் கணக்கில் சேராது.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம்மிடம் வார இதழுக்கும் ஆய்விதழுக்கும் நடுவே சிற்றிதழ் என்ற வலுவான மரபு இருக்கிறது. அடிக்குறிப்போடு, உழைத்து எழுதிய கட்டுரைகள் அவற்றில் வந்திருக்கின்றன. நா. வானமாமலை 1969-இல் தொடங்கிய "ஆராய்ச்சி" போன்ற இதழ்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்த உண்மையான ஆய்வுக் களங்கள். நீலகிரியின் படகர், தோடர், கோத்தர் வாழ்க்கை பற்றியோ நாட்டார் வழக்காறு பற்றியோ எழுதும்போது சிற்றிதழ்க் கட்டுரையை ஒதுக்கினால் இழப்பு உங்களுக்குத்தான். அதைப் பயன்படுத்துங்கள், மதிப்பீட்டுக்கு உட்பட்ட கட்டுரை என்று கணக்குக் காட்ட மட்டும் வேண்டாம். மாறாக, "பன்னாட்டுக் கருத்தரங்கம்" என்று அட்டையில் போட்டு வரும் தடித்த தொகுப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். பணம் கட்டியவர் கட்டுரையெல்லாம் அப்படியே அச்சாகும் தொகுப்புகள் அவற்றில் நிறைய. அட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண் ஒரு புத்தகத்துக்கான அடையாள எண். தரத்துக்கான சான்று அல்ல.

ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் அப்படியே. எட்டு இலக்கம் கொண்ட அந்த எண்ணை எந்தத் தொடர் வெளியீடும் விண்ணப்பித்துப் பெறலாம். "ஐ.எஸ்.எஸ்.என். உள்ள இதழ், ஆகவே தரமானது" என்று விளம்பரம் செய்பவர் உங்களிடம் பணம் எதிர்பார்க்கிறார் என்று பொருள். இந்தப் போலி ஆய்விதழ்களை அடையாளம் காண்பது கடினமில்லை. கணிதம், நர்சிங், தமிழ், வணிகவியல் எல்லாம் ஒரே இதழில் இருக்கும். ஒரு வாரத்தில் வெளியீடு என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதற்கான அளவு) என்று ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருப்பார்கள், அதைக் கணக்கிட்டது யார் என்று பார்த்தால் கேள்விப்படாத அமைப்பாக இருக்கும். ஆசிரியர் குழுவில் உள்ளவரின் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்தால் இந்த இதழின் பெயரே அங்கு இருக்காது. கட்டணம் வாங்குவது மட்டுமே குற்றம் அல்ல. பிளாஸ் ஒன் போன்ற நல்ல திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களும் எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகின்றன.

பட்டியலை நம்பியும் முழுக்க இருந்துவிட முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஒரு காலத்தில் அங்கீகரித்த இதழ்ப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு அதே குழுவின் கேர் என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது, அதையும் 2025-இல் கைவிட்டார்கள். இன்றும் "யு.ஜி.சி. கேர் அங்கீகாரம்" என்று விளம்பரம் செய்யும் இதழைப் பார்த்தால் ஒரு படி தள்ளியே நில்லுங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்துபவர்களும் உண்டு. ஆகவே இதழின் பெயரைத் தேடுபொறியில் போட்டு முதலில் வரும் தளத்துக்குப் போகாதீர்கள். ஆய்விதழ்த் தரவுத்தளமான ஸ்கோபஸ் அல்லது திறந்த அணுக்க இதழ்களின் அடைவான டி.ஓ.ஏ.ஜே. வழியாக உள்ளே நுழையுங்கள். கட்டுரையில் டி.ஓ.ஐ. எண் இருந்தால் (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்; அது 10 என்று தொடங்கும்) அதைத் தேடிப் பார்த்து, அதே கட்டுரைக்குத்தான் போகிறதா என்று உறுதி செய்யுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் அந்தப் பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கும்.

பழைய கட்டுரைகளுக்கு மட்டும் இந்தச் சோதனைகளை அப்படியே பொருத்தாதீர்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்து 1909-இல் வெளியிட்டார். ஆய்வகத்தின் சொந்த அறிக்கை இதழிலும் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டியின் மாத வெளியீட்டிலும் அது வந்தது. இன்றைய பாணியில் ஆய்வுச் சுருக்கமோ திறவுச்சொற்களோ மூன்று தேதிகளோ அதில் தேடினால் கிடைக்காது. ஆனாலும் கருவி என்ன, எந்த நாள், எந்த நிறமாலைக் கோடு என்று சரிபார்க்கும் வழி அதில் இருக்கிறது. அந்த இரண்டாம் கேள்விதான் நூறாண்டுப் பழைய கட்டுரைக்கும் பொருந்தும்.

நீங்கள் சேர்த்த பத்திரிகைக் கட்டுரைகளை வீசிவிட வேண்டாம். அவற்றில் உள்ள "ஓர் ஆய்வு" என்ற இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு, நிறுவனம், ஆண்டு, மரம் அல்லது விலங்கின் பெயர் என்று துப்புகளைக் குறித்துக்கொண்டு, ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலரில் மூலத்தைத் தேடுங்கள். அறிவியல் பெயரையும் இடப்பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுங்கள். இங்கே பெயர் மாற்றங்கள்தான் பெரிய இடைஞ்சல். பழனி மலையைப் பழைய கட்டுரைகள் "பல்னி" என்றே எழுதுகின்றன. ஊட்டி, ஊட்டகமண்ட், உதகமண்டலம் மூன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். சீகை மரம் இன்று அகேசியா மியர்ன்சியை, பழைய வனத்துறைக் கட்டுரைகளில் அகேசியா மொல்லிசிமா. குறிஞ்சி இன்று ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, முன்பு ஃப்ளெபோஃபில்லம் குந்தியானம். நீலகிரி சிரிப்பான் பறவை பல காலம் கருலாக்ஸ், 2017 முதல் மான்டெசிங்க்லா. புதிய பெயரை மட்டும் போட்டுவிட்டு, இதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று முடிவுக்கு வந்த திட்டக் கட்டுரைகள் உண்டு. கிடைத்த கட்டுரையின் கீழே "இதை மேற்கோள் காட்டியவை" என்ற இணைப்பைத் தட்டினால் அதற்குப் பின் வந்த ஆய்வுகள் வரிசையாகக் கிடைக்கும்.

சில இடங்களில் பத்திரிகையே சரியான சான்று. 2018-இல் குறிஞ்சி பூத்தபோது சுற்றுலாக் கூட்டத்தை ஊர் எப்படி எதிர்கொண்டது, சீகை மரத்தை அகற்றுவது பற்றி ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வார இதழ்கள் ஊட்டியை எப்படி வருணித்தன என்பதற்கெல்லாம் பத்திரிகைதான் மூலம். அப்போது அது உங்கள் ஆய்வுப் பொருள். மரம் எவ்வளவு பரவியது என்பதற்கு அதையே சான்றாக வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. துணைநூற்பட்டியலில் இரண்டையும் தனித் தலைப்பில் பிரித்துப் போடுங்கள். கைடுக்கும் புறத்தேர்வாளருக்கும் நீங்கள் தெரிந்தே பயன்படுத்தினீர்கள் என்பது புரியும்.

கட்டுரை பூட்டியிருந்தால் பணம் கட்ட வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா, வெளியிலிருந்து நுழையப் பயனர் பெயர் தருவார்களா என்று நூலகரிடம் கேளுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இலவசம். அவை ஆய்விதழ்க் கட்டுரைகள் அல்ல, ஆனால் அவற்றின் துணைநூற்பட்டியல் உங்கள் தேடலைப் பாதியாகக் குறைக்கும். இரண்டிலும் கிடைக்காவிட்டால் கட்டுரையின் முதல் பக்கத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி, எந்தத் தலைப்பு, எந்தக் கட்டுரை வேண்டும் என்று நான்கு வரி போதும். தங்கள் கட்டுரையை மாணவர் ஒருவர் கேட்டால் பெரும்பாலான ஆய்வாளர்கள் மகிழ்ச்சியோடு அனுப்பிவிடுவார்கள்.